முட்டையாகிப் போன புள்ளி

சங்ககிரி சௌந்திரம் டாக்கீஸில் படம் ஓட்டிய ஆப்பரேட்டர் அமிர்தசாமியைத் தெரியாத லாரிக்காரர் அந்தக் காலத்தில் இல்லை. "தங்கமான மனுசன், என்ன, கொஞ்சம் பயந்த சுபாவம்" என்பார்கள். கொஞ்சமா? நன்றாகச் சொன்னார்கள் போங்கள்! மழை வந்தால் கரண்டு போய்விடுமே என்று பயப்படுவார். போகாவிட்டால் ஏன் இன்னும் போகவில்லை என்று பயப்படுவார். ஆனால் அறுபத்து மூன்றாம் வருஷம் அவரைப் பிடித்த பயம் அந்த ரகத்தைச் சேர்ந்ததில்லை. அதை வெளியே சொல்ல வழியே இல்லை. அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

பிறந்தது சேலத்தில். அப்பா பாதிரிமார் தங்கும் சாமியார் பங்களாவில் சமையல்காரர். பதினேழு வயதில் சேலத்துத் தியேட்டர் ஒன்றில் ரீல் சுற்றப் போனவர், அங்கேயே தொழில் கற்று லைசென்சும் வாங்கினார். நாற்பத்தொன்பதில் சங்ககிரி நாச்சிமுத்து தன் பருத்திக் குடோனைத் தியேட்டராக மாற்றி, அம்மா சௌந்திரத்தின் பெயரை வைத்து, ஆப்பரேட்டராக இவரைக் கூட்டி வந்தார். தியேட்டருக்குப் பின்னால் இரண்டு அறை வீடும் கொடுத்தார். அந்த வீட்டில் மனைவி இன்னாசிமேரி. ஒரே மகள் ரோசி சேலத்தில் கன்னியர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயதில் அமிர்தசாமிக்குத் தெரிந்த வேலை அந்த ஒன்றுதான். வேலை போனால் அதோடு வீடும் போகும்.

கண்ணைக் கெடுத்தது அந்த வேலையேதான். அப்போதெல்லாம் படம் காட்டும் மிஷினுக்குள் விளக்கு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகளை நேருக்கு நேர் வைத்து மின்சாரத்தை விட்டால், நடுவில் நெருப்பு பற்றிக்கொண்டு வெள்ளையாக எரியும். அதைக் கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு நொடிதானே என்று பதினான்கு வருஷம் அவர் வெறுங்கண்ணால் எட்டிப் பார்த்தார். அறுபத்திரண்டு கிறிஸ்மஸுக்கு வாசலில் கட்டிய நட்சத்திர விளக்கை நிமிர்ந்து பார்த்தபோது, அதன் நடுவில் ஒரு கறுப்புக் கறை இருந்தது. கறை விளக்கில் இல்லை, தன் வலது கண்ணில் என்று அப்புறம்தான் தெரிந்தது. தை மாதம் முடிவதற்குள் இடது கண்ணிலும் சின்ன எழுத்துகள் கலங்கத் தொடங்கின.

டாக்டரிடம் போகவில்லை. போனால் கண்ணாடி கொடுப்பார். கண்ணாடி போட்டால் முதலாளி காரணம் கேட்பார். வீட்டிலும் சொல்லவில்லை. மாதா கோயிலில் லூசியம்மாள் சுரூபம் ஒன்று இருந்தது. கண் நோய்க்காரர்கள் வேண்டிக்கொள்ளும் அர்ச்சியசிஷ்டவள், அதாவது புனிதை. கையில் ஒரு தட்டும், அந்தத் தட்டில் இரண்டு கண்களும் இருக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்த சுரூபம்தான். இப்போது அந்தப் பக்கம் திரும்பவே அவருக்கு உடம்பு கூசியது. குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும், "தெனமும் ஒரு பொய் சொல்றனுங்க சாமி" என்று மாதாமாதம் முறையாகச் சொன்னார். குருவானவரும் மாதாமாதம் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அந்தப் பொய் இதுதான். எந்தப் படமானாலும் திரையில் முதலில் சென்சார் சர்டிபிகேட் வரும். அதில் பொடி எழுத்தில் படத்தின் நீளம் இத்தனை அடி என்று போட்டிருக்கும். ஆப்பரேட்டர்கள் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் லென்சைத் திருகிப் படத்தைத் தெளிவாக்குவார்கள். அமிர்தசாமிக்கு எழுத்து தெரியவில்லை. என்ன செய்தார் மனுஷன்? உதவி ஆப்பரேட்டர் சென்னிமலையைக் கூப்பிட்டு, "அந்த அடிக்கணக்கப் படிப்பா. கூட்டுத்தொகை ஒம்பது வந்தா படம் ஓடும், எனக்கு அது ஒரு சகுனம்" என்று அளந்துவிட்டார். சென்னிமலை முப்பது வயது ஆள், தானும் லைசென்ஸ் எடுத்தவன், அதிகம் பேசமாட்டான். அவன் தடுமாறித் தடுமாறிப் படித்தால் படம் மங்கல், இன்னும் திருக வேண்டும். கடகடவென்று படித்தால் தெளிவு. ஒவ்வொரு படம் மாறும்போதும் அமிர்தசாமி லென்சைப் பிடித்துக்கொண்டு அவன் குரலையே கேட்டுக்கொண்டிருப்பார். எட்டு மாதம் இப்படியே ஓடிற்று.

அப்போதுதான் முதலாளி நாச்சிமுத்து சேலத்துக்குப் போய் சினிமாஸ்கோப் படம் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏப்பா அமிர்தம், செவுத்துக்குச் செவுரு படம்ப்பா! குதிரை ஓடுனா நாமளே மிதிபட்டுருவம் போல இருக்குது. நம்ம கொட்டாயிலயும் அதப் போட்டாகோணும்."

இருக்கிற படத்தையே தெளிவாக்க முடியாமல் திண்டாடுகிறவர் அமிர்தசாமி. இருந்தாலும் தொழில் தெரிந்தவர் ஆயிற்றே, அளவுநாடாவை எடுத்துக்கொண்டு திரை முன்னால் நின்றார்.

"மொதலாளி, இப்ப நம்ம படம் பதினாறடி அகலம், பன்னண்டடி உசரம். நாலுக்கு மூணுங்கற கணக்கு. புதுசுல உசரம் ஒரு பங்குன்னா அகலம் ரெண்டே கால் பங்குக்கும் மேலங்க. நம்ம செவுத்துக்குச் செவுரு இருவத்தி ரெண்டடிதான் இருக்குது. அதுக்குத் தக்கன உசரம் ஒம்பதடிச் சில்லறைதானுங்க வரும்."

"பன்னண்டு ஒம்பதாப் போச்சுன்னா அது பெருசா, சிறுசா?"

"அகலத்துக்குப் பெருசு, உசரத்துக்குச் சிறுசுங்க."

"அடப் போப்பா! மாபெரும் திரைன்னு நோட்டீசு அடிச்சாச்சு. சிறுசுன்னு நீ வெளிய வாயத் தொறந்து சொல்லிப்போடாதே."

சேலத்திலிருந்து லாரியில் வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் அதற்கான லென்சு வந்தது. மறுநாள் படப்பெட்டியும் வந்தது. ஏசுநாதர் காலத்துக் கதை, இங்கிலீஷ் படம். அமிர்தசாமி ஒரு துண்டுப் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதிலிருந்த மனிதர்களும் குதிரைகளும் ஒட்டி உலர்ந்து ஒல்லிக்குச்சியாக நின்றார்கள்.

"என்றா இது, பஞ்சத்துல அடிபட்ட சனமாட்டம்!" என்று முதலாளி பதறினார்.

"படம் புடிக்கறப்பவே பக்கவாட்டுல நெருக்கிப் புடிச்சிருக்காங்க. இந்த லென்சு அதக் குறுக்கால ரெண்டு பங்கா இழுத்து உட்டுரும். அப்பறம் எல்லாரும் சரியா ஆயிருவாங்க" என்று அமிர்தசாமி விளக்கினார். எவ்வளவு அழகாக விளக்கினார் என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. திரையை இரண்டு பக்கமும் சுவர் வரை நீட்டினார். மேலும் கீழும் கறுப்புத் துணி கட்டினார். லென்சைக் கொஞ்சம் திருப்பி வைத்தாலும் படம் சாய்ந்து நிற்கும். அதற்காகக் கொத்தனாரின் தூக்குக்குண்டை இரவல் வாங்கித் திரைக்கு முன்னால் தொங்கவிட்டு, படத்தில் வந்த அரண்மனைத் தூண் அந்த நூலோடு ஒட்டி நிற்கும்வரை லென்சைத் திருப்பினார். சனிக்கிழமை காலையில் அரை ரீல் ஓட்டிப் பார்த்தார்கள். குறுக்கே இழுக்கும்போது மங்கலும் சேர்ந்தல்லவா இழுபடும்? அந்தப் பயத்தோடு அவர் அடிக்கணக்கைப் படிக்கச் சொன்னார். "பன்னண்... டாயிரத்து... நா... நானூத்தி" என்று சென்னிமலை திக்கினான். அவர் ஒரு மயிரிழை திருகினார். "பன்னண்டாயிரத்து நானூத்தி அறுவது அடிங்ணா!" என்று அவன் கடகடவென்று சொன்னான். அமிர்தசாமி சட்டை நனைய வேர்த்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மறுநாள் ஞாயிறு, மாதா திருநாள் முடிந்த வாரம். ஏசுநாதர் காலத்துப் படம் என்றதும் சுற்றுவட்டாரப் பங்குக் கோயில்களின் சனங்கள் லாரி பிடித்து மதியக் காட்சிக்கு வந்துவிட்டார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதே குருவானவர் மாடியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் இன்னாசிமேரி இருந்தாள். கதவருகே பூப்போட்ட துண்டைப் போர்த்திக்கொண்டு முதலாளி நின்றார். அன்றைக்கு உள்ளே முந்நூறு பேருக்குக் குறையாது.

படம் ஆரம்பித்தது. திரை சுவருக்குச் சுவர் விரிந்ததும் சனங்கள் 'ஓ'வென்று கூவினார்கள். உயரம் குறைந்ததை ஒரு ஆள்கூடக் கவனிக்கவில்லை. மேலே மிஷின் ரூமில் அமிர்தசாமி சின்ன ஓட்டை வழியாகத் திரையின் வலது மேல்மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏனென்றால் ரீல் முடியப்போகிறது.

இரண்டு மிஷின்களில் ஒன்றில் ரீல் தீரும்போது மற்றதற்கு மாற்ற வேண்டும். எப்போது மாற்றுவது என்பதற்குப் பிலிமிலேயே அடையாளம் உண்டு. வலது மேல்மூலையில் ஒரு வட்டப் புள்ளி கண் சிமிட்டுவது போல வந்து போகும். அப்போது மற்ற மிஷினை ஓடவிட வேண்டும். சில நொடி கழித்து இன்னொரு புள்ளி வரும். அப்போது வெளிச்சத்தை மாற்ற வேண்டும். கீழே இருப்பவர்களுக்கு அந்தப் புள்ளி தெரியவே தெரியாது. ஆப்பரேட்டருக்கோ அதுதான் உயிர். எழுத்து கலங்கினாலும் புள்ளி இன்னும் தெரிகிறதே என்பதுதான் எட்டு மாதமாக அவருக்கிருந்த ஒரே தைரியம். புள்ளி வட்டமாகத் தெரிகிறவரை ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

புள்ளி வந்தது. வட்டமாக இல்லை. இரண்டு பக்கமும் நீண்டு, படுக்கப்போட்ட முட்டை மாதிரி வந்து போயிற்று.

"ஓட்டு!" என்று வாய் பழக்கத்தில் கத்திவிட்டது. சென்னிமலை இரண்டாவது மிஷினை ஓடவிட்டான். போச்சு. இடது கண்ணும் போச்சு. இதுவரை மங்கத்தான் மங்கியது, இப்போது கோணலாகவே காட்ட ஆரம்பித்துவிட்டது. ரோசியின் முகமும் இப்படித்தான் இனி தெரியுமா? அவர் கண்ணைக் கசக்கினார். வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார், இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். பொத்திய அந்த நொடியில்தான் இரண்டாவது புள்ளியும் வந்து போயிற்று.

திரையில் படம் தீர்ந்து வெறும் வெள்ளை வெளிச்சம் பளீரென்று அடித்தது. கீழே ஒரே விசில். "டேய் ஆப்பரேட்டரு! தூங்கறயா?" என்று லாரிக்காரர்கள் கத்தினார்கள். சென்னிமலை தானே பாய்ந்து வெளிச்சத்தை மாற்றினான். படம் மறுபடியும் ஓடியது. மொத்தமே நான்கைந்து நொடிதான்.

படிக்கட்டில் தடதடவென்று முதலாளி ஏறி வந்தார். "என்னப்பா அமிர்தம், சாமியாரெல்லாம் உக்காந்திருக்கற நேரத்துல மானத்த வாங்கறயே! தூங்கீட்டயா?" என்று அதட்டினார். ஆமாம் என்று தலையைக் குனிந்திருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். இரண்டு நாளில் அவரே மறந்திருப்பார். ஆனால் பயம் மனுஷனை அப்படி நிதானமாக யோசிக்கவா விடும்? அமிர்தசாமி முதலாளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எங்கண்ணு போச்சுங்க மொதலாளி! வலது கண்ணு கிறிஸ்மசுக்கே போச்சு. எழுத்துத் தெரியறதில்ல. இவனப் படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் எட்டு மாசமா ஓட்டறேன். இப்ப வட்டம் முட்டையாத் தெரியுதுங்க. இந்தக் கண்ணும் போச்சுங்க!"

முதலாளிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. சென்னிமலைதான் மெதுவாகப் பேசினான்.

"ஏனுங்ணா, எனக்கும் முட்டையாத்தானுங்க தெரிஞ்சுது."

"உனக்குமா?"

"ஆமாங்ணா. ஆளுங்கள நெருக்கிப் புடிச்சதுனால லென்சு இழுத்தா சரியாயிருது. அந்தப் புள்ளி அப்பறமா பிலிமுல வட்டமாவே வெச்சதுங்களே. அதையுஞ் சேத்துத்தான லென்சு குறுக்கால இழுக்கும்? எல்லாத்துக்கும் முட்டையாத்தான் தெரியும்."

பிலிமைக் காட்டி முதலாளிக்கு இதைத்தானே அமிர்தசாமியே பாடம் நடத்தினார்! சனிக்கிழமை அரை ரீலோடு நிறுத்தியதால் அந்தப் புள்ளியைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன, யோசித்தால் தெரியாதா? பயம் மூளையைத் தின்றுவிட்டது. இடது கண் நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்த வார்த்தையை இனி உள்ளே எடுத்துப் போட முடியாது.

முதலாளி அவர் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டார். மிஷினுக்குள் எரிகிற நெருப்பைப் பார்த்தார், ஓட்டை வழியாகக் கீழே இருக்கிற கூட்டத்தைப் பார்த்தார்.

"எட்டு மாசமா?"

"ஆமாங்க."

"கண்ணுத் தெரியாத ஆளு கைல நெருப்பக் குடுத்துப்போட்டு, இத்தன சனத்தையும் உள்ள உக்கார வெச்சிருந்தனா நானு?" கோபத்தைவிடப் பயம்தான் அவர் குரலில் அதிகம் இருந்தது. "மொதல்ல படத்த முடிங்க. சென்னிமலை, நீயும் மூலையப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு ஐந்து முறை ரீல் மாற்ற வேண்டியிருந்தது. ஐந்து முறையும் அந்த முட்டைப்புள்ளி வந்தது. ஐந்து முறையும் அமிர்தசாமி துளி பிசகாமல் மாற்றினார். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. மனது மட்டும் பின்கட்டு வீட்டில் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. படம் முடிந்து குருவானவர் "நல்ல படம்" என்று பாராட்டியது கூட அவர் காதில் ஏறவில்லை.

வீட்டுக்குப் போய் இன்னாசிமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழுவாள் என்று நினைத்தார். அவளோ எழுந்து நின்று சண்டைக்கு வந்தாள்.

"எட்டு மாசமா ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு எங்கிட்ட மறைச்சீங்களா? சோத்துல கல்லு கெடந்தாத் தெரியாம முழுங்குனீங்களே, அப்பவே எனக்குச் சந்தேகம். வேலை போனாப் போச்சாதுங்க. கண்ணும் போயிருந்தா நான் எங்கீங்க போவேன்?" என்றவள், அதற்கப்புறம்தான் அழுதாள்.

மறுநாளே முதலாளி தன் காரில் அவரைச் சேலத்துக்குக் கூட்டிப் போனார். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வலது கண்ணுக்கு வழியில்லை என்றார். இடது கண்ணுக்குக் கண்ணாடி தருகிறேன், வர ஒரு வாரம் ஆகும். ஆனால் அந்த நெருப்பின் பக்கம் இனி நிற்கவே கூடாது என்றார். திரும்பும் வழியில் மகுடஞ்சாவடி தாண்டியதும் முதலாளி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"மிஷினு ரூமுக்கு இனி ஏறாதே. சென்னிமலை பாத்துக்குவான். நீ சேலத்துல இருந்து படப்பெட்டி கொண்டார வேலையும், கேட்டுல டிக்கெட்டு கிழிக்கற வேலையும் பாரு. ஊடு உன்ற ஊடுதான், அதுக்கு ஒண்ணும் பயப்பட வேண்டாம்."

அமிர்தசாமி தலையை ஆட்டினார். வீடு தப்பியது. அன்று சாயங்காலம் கிறிஸ்மஸிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இல்லை. அது இல்லாததே அவருக்குப் பயமாக இருந்தது. கை சும்மா இருந்தது. இருபத்தொன்பது வருஷம் வெளிச்சத்துக்குப் பின்னாலேயே நின்ற ஆள், இப்போது எங்கே நிற்பது என்று தெரியாமல் முற்றத்தில் நடந்தார்.

வெள்ளிக்கிழமை புதுப்படம், தமிழ்ப் படம், பழைய நாலுக்கு மூணு. இன்னாசிமேரி அவரை விடவில்லை. "ஒரு நாளாவது கீழ உக்காந்து படம் பாருங்க" என்று இழுத்துக்கொண்டு போய், ஆண்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் லாரிக்காரர்கள், பீடிப் புகை. தலைக்கு மேலே அந்தச் சின்ன ஓட்டையிலிருந்து வெளிச்சம் போவதை அவர் இதுவரை கீழேயிருந்து பார்த்ததே இல்லை.

சர்டிபிகேட் வந்தது. கண்ணாடி இன்னும் வரவில்லை. அவருக்குத் திரையில் வெறும் வெள்ளைப் பூச்சுதான் தெரிந்தது. எழுத்து தெளிவாக இருக்கிறதா, கலங்கியிருக்கிறதா? திருகிய கை இப்போது வேறு கை. பதினான்கு வருஷம் அவர் காத்த திரை அது. தெரியாமல் உட்கார்ந்திருப்பது அவரால் தாங்க முடியவில்லை. பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்போது மேலே ஓட்டையிலிருந்து, மொத்தக் கூட்டத்தின் தலைக்கும் மேலாக, சென்னிமலையின் குரல் சத்தமாகக் கேட்டது.

"பதினாலாயிரத்து எரநூத்தி முப்பது அடிங்ணா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "யார்றா அவன், ஏலம் போடறவன்!" என்று பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்தான். சகுனம் கேட்க மேலே யாருமில்லை. கூட்டுத்தொகை ஒன்பதும் வரவில்லை. அப்படியென்றால் அவன் படித்தது இவருக்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை இவர் உண்மையை உளறியபோதும் அவன் துளிகூட ஆச்சரியப்படவில்லையே, அந்த எட்டு மாதமும் அவனுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

ஒரு எழுத்தில்கூட அவன் தடுமாறவில்லை. படம் தெளிவாக இருக்கிறது என்று அமிர்தசாமிக்குத் தெரிந்துவிட்டது. அவர் பெஞ்சை விட்டார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.